சமையலறையோடு நிறுத்திக்கொள்ளலாமே? – ஒரு கடிதம்

அன்புள்ள அம்மா,

மூன்று வருடமாக நீங்கள் எழுதுவதைப் படித்துவருகிறேன். அங் மோ கியோ சந்தையில் கீரை ஆய்ந்து வாங்குவது, மாமியாருக்கு நகம் வெட்டிவிடுவது, பேரன் பல்லாங்குழியில் தோற்றுக் கோபித்துக்கொள்வது, இதையெல்லாம் நீங்கள் எழுதும்போது எனக்கு என் அம்மா ஞாபகம் வரும். ஆனால் அதே கட்டுரையில் திடீரென்று பள்ளியில் கைப்பேசியைத் தடை செய்தது சரி, மின்சிகரெட்டுக்குக் கடும் தண்டனை சரி, திருமணம் என்றால் இது, குடும்பம் என்றால் இது என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். நல்ல சோற்றில் கல் கடிபட்ட மாதிரி இருக்கிறது. தப்பாக நினைக்காதீர்கள், நீங்கள் ஒரு பழமைவாதி. எதைக் கேட்டாலும் தடை என்பதுதான் உங்கள் பதில்.

போன மாதம் ‘கைத்தடி’ என்று எழுதினீர்கள். மாமியார் குளியலறையில் விழுந்த இரவைப் பற்றி. அதில் ஒரு வரி: ‘பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு சட்டம் தேவைப்படுகிறது என்றால் அந்தப் பிள்ளைகள் வெட்கப்பட வேண்டும்.’ அதைப் படித்துவிட்டு அன்றிரவு நான் தூங்கவில்லை.

எனக்கு 31 வயது. பொங்கோலில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. சிங்கப்பூரில் தனியாள் 35 வயது வரை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடும் வாங்க முடியாது. என் அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிப்பார். எனக்குப் பன்னிரண்டு வயதில் வீட்டைவிட்டுப் போனார். அதன் பிறகு ஒரு வெள்ளிகூட அனுப்பியதில்லை. அம்மா துப்புரவு வேலை பார்த்து அக்காவையும் என்னையும் வளர்த்தார். நாங்கள் இருந்ததும் வாடகை வீடுதான். நான்கு வருடம் முன்பு அம்மா இறந்துபோனார். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மருத்துவச் சமூக ஊழியர் என்னைக் கூப்பிட்டார். அப்பாவுக்குப் பக்கவாதமாம். சமூக மருத்துவமனையில் இருக்கிறார், வீட்டுக்கு அனுப்பினால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நான் வெட்கப்பட வேண்டுமா?

உங்கள் அன்றாட வாழ்க்கை எல்லோருக்கும் பொதுவானது அம்மா. உங்கள் கருத்துகள் குடும்பம் நன்றாக அமைந்தவர்களுக்கு மட்டும். சமையலறையோடு நிறுத்திக்கொள்ளலாமே?

அப்பாவைப் போய்ப் பார்க்கணுமா என்றும் தெரியவில்லை. இதை நான் யாரிடமும் கேட்டதில்லை.

ஒரு வாசகர், பொங்கோல்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்து பதினொரு நாள் ஆகிறது. இரண்டு தடவை பதில் எழுதி அழித்தேன்.

முதலில் அந்த வரி. நீங்கள் வெட்கப்பட வேண்டியதே இல்லை. நான்தான் அதை அப்படி எழுதியிருக்கக் கூடாது. உங்களை மாதிரி ஒருவர் அதைப் படிப்பார் என்று யோசிக்காமல் எழுதிவிட்டேன். அந்த வரியை எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்பதையும் அந்தக் கட்டுரையின் கீழே எழுதி வைத்திருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அது எனக்குள் எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்கிறேன். நான் 38 வருடம் தாதியாக வேலை பார்த்தவள். பெரும்பகுதி முதியோர் வார்டில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வார்டில் இது அடிக்கடி நடக்கும்: வயதானவரைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். படிவத்தில் ஒரு தொலைபேசி எண் எழுதுவார்கள். குணமாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டதும் நாங்கள் அந்த எண்ணுக்குக் கூப்பிடுவோம். மணி அடித்துக்கொண்டே இருக்கும். இல்லாவிட்டால் சம்பந்தமே இல்லாத யாரோ எடுப்பார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஒரு தாத்தா இருந்தார். காலையில் குளித்து, சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு கட்டில் நுனியில் உட்கார்ந்துவிடுவார். மகன் வேலை முடிந்து வருவான் என்பார். பத்தொன்பது நாள் அப்படி உட்கார்ந்திருந்தார். இருபதாம் நாள் ஓர் இல்லத்துக்கு அனுப்பினோம். வேனில் ஏறும்போதும் அந்த மேல் பொத்தான் போட்டிருந்தது. எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை, நான் கழிவறைக்குள் போய் அழுதேன்.

அந்தக் காலத்தில்தான், 1994ல், நியமன நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சட்டப் பேராசிரியர் வால்டர் வூன் பெற்றோர் பராமரிப்பு மசோதாவைக் கொண்டுவந்தார். 1995ல் அது நிறைவேறியது. சுதந்திரத்துக்குப் பிறகு, அமைச்சராக இல்லாத ஓர் உறுப்பினர் தாமாகக் கொண்டுவந்து பொதுச் சட்டமான முதல் மசோதா அதுதான். வார்டில் நாங்கள் அதைப் பற்றிப் பேசாத நாளில்லை. பாசத்தைச் சட்டம் போட்டு வாங்க முடியுமா என்று கூடப் படித்த தோழி கேட்பாள். சட்டம் பாசத்தைக் கேட்கவில்லை, சோற்றுக்கு வழி கேட்கிறது என்பேன். இன்றும் அதையேதான் சொல்வேன்.

ஆனால் அந்தச் சட்டத்துக்குள் உங்களுக்கும் ஓர் இடம் இருக்கிறது தம்பி. நான் எழுதாமல் விட்டது அதைத்தான். 60 வயதான, தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்கலாம். கேட்டதும் கிடைத்துவிடாது. முதலில் சமரசப் பேச்சு. அது ஒத்துவராவிட்டால்தான் நடுவர் மன்றம். அந்தப் பெற்றோர் பிள்ளையைக் கைவிட்டவர், கொடுமை செய்தவர், கவனிக்காமல் விட்டவர் என்று தெரிந்தால் மன்றம் தொகையைக் குறைக்கலாம், மனுவையே தள்ளுபடியும் செய்யலாம். 2023ல் இன்னும் ஒருபடி மேலே போய்ச் சட்டத்தைத் திருத்தினார்கள். பிள்ளையைக் கொடுமைப்படுத்திய, கைவிட்ட பதிவு உள்ள பெற்றோர், மன்றத்தின் அனுமதி வாங்கிய பிறகே மனு போட முடியும். பழையதையெல்லாம் பிள்ளை திரும்ப ஒருமுறை அனுபவிக்கக் கூடாது என்பதற்காக.

பழமைவாதி என்கிறீர்கள். சரி, அந்தப் பெயர் எனக்குச் சம்மதம்தான். ஆனால் பெற்றவர் எது செய்தாலும் பிள்ளை பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது நான் மதிக்கிற பழமை இல்லை. கடமை முதலில் பெற்றவருக்கு. உங்கள் அம்மா பிறர் கழிவறையைக் கழுவி அந்தக் கடமையைச் செய்தார். உங்கள் அப்பா செய்யவில்லை. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

இனி சமையலறைக்கு வருகிறேன். அதோடு நிறுத்திக்கொள்ள என்னால் முடியாது. ஏன் என்று சொல்ல நேற்று நடந்ததைச் சொன்னாலே போதும்.

காலை நாலே முக்காலுக்கு அத்தை கூப்பிட்டார். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். 88 வயது. இரண்டு வருடம் முன்பு விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததற்கப்புறம், வீவகவின் ஈஸ் திட்டத்தில் குளியலறையில் கைப்பிடிக் கம்பிகள் போட்டு, தரையும் வழுக்காதபடி செய்து கொடுத்தார்கள். நல்ல திட்டம், செலவில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. ஆனால் கம்பியைப் பிடித்து அவர் எழுந்து நிற்கும்போது பின்னால் ஒருவர் நிற்க வேண்டும். இடுப்பில் கை வைக்காமல், வைக்கத் தயாராக. கை வைத்தால் அவருக்குக் கோபம் வரும். ராத்திரியில் இரண்டு தடவை, விடியற்காலை ஒரு தடவை அப்படி நிற்கிறேன்.

என் கணவர் இறந்து எட்டு வருடமாகிறது. தோழி ஒருத்தி போன தீபாவளிக்கு வந்தபோது கேட்டாள்: “அவரே போயிட்டாரு. அவரோட அம்மாவை நீ ஏன் வச்சுக்கிட்டு கஷ்டப்படுறே? நாத்தனார் இருக்காங்கல்ல?” அவள் கேட்டது சட்டப்படி சரி. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளைத்தான் கட்டுப்படுத்தும், மருமகளை இல்லை. ஆனால் என் மகன் பிறந்து எட்டு வாரத்தில் நான் இரவுப் பணிக்குத் திரும்பினேன். அந்தக் காலத்தில் பிரசவ விடுப்பு அவ்வளவுதான். இரவு முழுக்க அவனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது அத்தை. காலையில் நான் வந்து தூங்க, சமைத்து வைத்ததும் அத்தை. அவர் இல்லாவிட்டால் எனக்கு 38 வருட உத்தியோகம் இல்லை, மத்திய சேமநிதியில் பணமும் இல்லை. தோழிக்கு இதைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இதைத்தான் நான் குடும்பம் என்கிறேன் தம்பி. ஒருவர் தூங்க இன்னொருவர் விழித்திருப்பது. வேறெந்தப் பெரிய தத்துவமும் எனக்குத் தெரியாது.

மதியம் இரண்டரைக்குப் பேரன் வந்தான். மகன் வீடு செராங்கூன் நார்த்தில். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள், அதனால் பள்ளி விட்டதும் இங்கேதான் வருவான். அவர்கள் மறுவிற்பனை வீடு தேடிய நேரத்தில் பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் வாங்கினால் 20,000 வெள்ளி மானியம் கிடைத்தது. மகன் வரைபடத்தில் வட்டம் போட்டு வைத்துக்கொண்டு அந்த வட்டத்துக்குள்ளேயே தேடினான். அந்தப் பணம் இல்லாவிட்டால் ஜூரோங் பக்கம் போயிருப்பார்கள், பேரனை நான் ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்திருப்பேன். அரசாங்கம் குடும்பத்தின் பக்கம் சாய வேண்டும் என்று நான் எழுதுவதற்கு அர்த்தம் இவ்வளவுதான்.

பேரன் இந்த ஜனவரியில் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தான். நீங்கள் என்னைக் கடிந்துகொண்ட கைப்பேசி விதி அதே மாதம் வந்தது. முன்பு பாட நேரத்தில் மட்டும் கூடாது. இப்போது உயர்நிலைப் பள்ளிகளில் இடைவேளையிலும், இணைப்பாட நடவடிக்கையிலும்கூடக் கூடாது. திறன்கடிகாரமும் அப்படியே. பையிலோ பெட்டகத்திலோ போய்விட வேண்டும். பள்ளிக்கென்று வாங்கிய கற்றல் சாதனமும் இரவு 10.30க்குத் தானாகவே பூட்டிக்கொள்ளும், முன்பு அது 11 மணி. முதல் வாரம் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். “இடைவேளையில என்ன பண்றது பாட்டி? எல்லாரும் சும்மா உட்கார்ந்திருக்கோம்” என்றான். எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. மூன்றாவது வாரம் முழங்காலில் சிராய்ப்போடு வந்தான். கேப்டே உதைத்தானாம். அவன் தாத்தா அந்தக் காலக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், உதைத்த அதே இறகுப் பந்து. யாரோ ஒரு பையன் பாட்டி வீட்டிலிருந்து எடுத்து வந்தானாம், இப்போது வகுப்பே உதைக்கிறதாம். யாரெல்லாம் விளையாடினீர்கள் என்று கேட்டேன். ஒன்பது பெயர் சொன்னான். தொடக்கநிலை ஆறில் அவன் வாயிலிருந்து இரண்டு பெயருக்கு மேல் நான் கேட்டதில்லை.

நீங்கள் சொல்லலாம், இதைப் பெற்றோரே செய்யலாமே, அரசாங்கம் ஏன் என்று. ஒரு பெற்றோர் மட்டும் செய்ய முடியாது. வகுப்பில் முப்பது பேர் கையில் கைப்பேசி இருக்கும்போது ஒரு பிள்ளையிடமிருந்து மட்டும் பிடுங்கினால் அவன் தனியாகிவிடுவான். என் மருமகள் ஒரு வருடம் முயன்று பார்த்துவிட்டு விட்டுக்கொடுத்தாள். எல்லோருக்கும் சேர்த்து வைத்தால்தான் அது எந்தப் பிள்ளைக்கும் தண்டனையாகாது.

மத்தியானம் சாப்பிட்டதும் அவனும் அத்தையும் பல்லாங்குழி ஆடுவார்கள். அத்தைக்குத் தமிழும் சந்தை மலாயும்தான் தெரியும். அதனால் அந்த ஒரு மணி நேரம் அவன் தமிழில்தான் பேசியாக வேண்டும். ‘கொள்ளுப் பாட்டி ஏமாத்துறாங்க’ என்று கத்துவதும் தமிழில்தான். வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020ல் 2.5. தமிழ் மொழி விழாவில் ஒவ்வோர் ஏப்ரலும் நாம் இதைப் பற்றிக் கவலைப்பட்டுப் பேசுகிறோம். வயதானவர்களை வீட்டில் வைத்துக்கொள்ளும் வரைதான் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச ஒரு கட்டாயம் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்களும் இவ்வளவு நல்ல தமிழில் எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் அம்மா கொடுத்தது என்று நினைக்கிறேன்.

மின்சிகரெட் விஷயத்தில் நான் நடுநிலையாகப் பேச மாட்டேன். கேபாட் என்கிற போதை மின்சிகரெட்டில் கலக்கிற எட்டோமிடேட் நான் கையில் எடுத்துக் கொடுத்த மருந்து. நடுவில் ஐந்து வருடம் அவசரப் பிரிவில் இருந்தேன். மூச்சுக்குழாய் போடுவதற்கு முன்னால் நோயாளியை மயக்க டாக்டர் அதை நரம்பில் ஏற்றுவார். மூச்சுக்கருவி தயாராக இருக்கும். ஒருத்தி ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டிருப்பாள், ஒருத்தி ரத்த அழுத்தத்தை. ஒரே ஒரு தடவைதான் கொடுப்பார்கள். தொடர்ந்து கொடுத்தால் அட்ரினல் சுரப்பியின் வேலையை அடக்கிவிடும். அவ்வளவு பேர் சுற்றி நின்று கொடுக்கிற மருந்தை ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்து ஊதுகிறது.

போன வருடம் ஜூன் மாதம், எங்கள் புளோக்கில் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் படிக்கட்டில் ஒரு பையன் சாய்ந்து கிடந்தான். மின்தூக்கி பழுது, நான் நடந்து ஏறிக்கொண்டிருந்தேன். கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. கை உதறிக்கொண்டே இருந்தது. 995க்கு அழைத்துவிட்டு, அவனை ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினாறு வயது இருக்கும். பள்ளிச் சீருடை. அவன் அம்மா சமையல் கையோடு ஓடி வந்தார், கையில் மஞ்சள் ஒட்டியிருந்தது. பையன் பிழைத்துக்கொண்டான். அந்த அம்மா இன்றும் என்னைப் பார்த்தால் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறார். அவர் எதற்கு வெட்கப்பட வேண்டும்? விற்றவனல்லவா வெட்கப்பட வேண்டும்.

2018லிருந்தே மின்சிகரெட் வைத்திருப்பது குற்றம்தான். ஆனால் பிடிபட்டால் அபராதம் கட்டிவிட்டுப் போகிற விஷயமாகத்தான் பிள்ளைகள் நினைத்தார்கள். 2025 ஆகஸ்டில் தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங், இனி இதைப் போதைப்பொருள் பிரச்சினையாகக் கையாளுவோம் என்றார். செப்டம்பர் 1 முதல் எட்டோமிடேட் சி பிரிவுப் போதைப்பொருளானது. எதைக் கேட்டாலும் தடை என்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பையனின் தாடையை நீங்கள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நீங்களும் அதையே சொல்லியிருப்பீர்கள்.

சூதாட்டக்கூடங்கள் 2010ல் வந்தபோது எனக்குப் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. நுழைவுக் கட்டணத்தை 100 வெள்ளியிலிருந்து 150 ஆக்கினார்கள், நல்லதுதான். ஆனால் அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, குடும்பத்தாரே விண்ணப்பித்து ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கலாம் என்ற ஏற்பாடு. வார்டில் கூட வேலை பார்த்த ஒருத்தி தன் கணவருக்கு அப்படிச் செய்தாள். மூன்று மாதம் அவர் அவளிடம் பேசவில்லை. வீடு மிஞ்சியது.

திருமணம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2022 நவம்பரில் நாடாளுமன்றம், ஆண்களுக்கு இடையிலான பாலுறவைக் குற்றமாக்கியிருந்த 377ஏ பிரிவை நீக்கியது. அதோடு, திருமணத்தின் வரையறையை நீதிமன்றம் மாற்றாதபடி அரசியலமைப்பையும் திருத்தியது. நான் இரண்டையுமே ஏற்றேன். யாரும் தன் படுக்கையறைக்காகச் சிறைக்குப் போகக் கூடாது. திருமணம் என்றால் ஆணும் பெண்ணும் என்பது நான் வளர்ந்த நம்பிக்கை, அது மாற வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் பேசித்தான் மாற வேண்டும். இதில் உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் இருக்கட்டும். அதற்காக நீங்கள் எனக்கு அந்நியர் ஆகிவிட மாட்டீர்கள்.

அப்புறம் அந்த 35 வயது. இங்கே நீங்கள் என்னை யோசிக்க வைத்துவிட்டீர்கள். பிள்ளை பெறப்போகிறவர்களுக்கு வீடு முதலில் என்ற கொள்கையை நான் ஆதரிக்கிறேன். 2023ல் நம் கருவுறுதல் விகிதம் முதல் தடவையாக ஒன்றுக்குக் கீழே, 0.97க்கு வந்துவிட்டது. வீடு கிடைக்கத் தாமதமானால் கல்யாணம் தள்ளிப்போகிறது, பிள்ளையும் தள்ளிப்போகிறது. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது ஒன்று உறைத்தது. பெற்றோர் இருவரையும் இழந்தவர் 21 வயதிலேயே வீவக வீடு வாங்க முடியும். உங்களுக்கு அது முடியாது, ஏனென்றால் காகிதத்தில் உங்களுக்கு அப்பா இருக்கிறார். பன்னிரண்டு வயதிலிருந்து இல்லாத அப்பா. பராமரிப்புச் சட்டம் 2023ல் கைவிடப்பட்ட பிள்ளைக்கென்று ஒரு கதவு வைத்ததே, அதேமாதிரி ஒரு கதவு வீட்டு விதியிலும் இருந்தால் குடும்பத்துக்கு எந்தக் குறையும் வராது. உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். தனி நிலைமைகளைச் சொல்லி அவர்கள் கடிதம் எழுதுவார்கள். கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. சொல்லி வைப்பது நல்லது.

இப்போது உங்கள் அப்பா.

அந்த மேல் பொத்தான் தாத்தாவைப் பற்றி நான் முழுக்கச் சொல்லவில்லை. அவரை இல்லத்துக்கு அனுப்பி ஐந்தாறு மாதம் கழித்து ஒருவர் வார்டுக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், வேலைச் சீருடையோடு வந்திருந்தார். தாத்தாவின் பெயரைச் சொல்லி, இங்கேதானே இருந்தார் என்று கேட்டார். இல்லத்திலேயே இறந்துவிட்டார் என்ற தகவல் அவருக்கு வந்திருந்தது. நான் கோபமாகத்தான் பேச ஆரம்பித்தேன். அவர் நடுவில் ஒன்றும் சொல்லவில்லை. நான் முடித்ததும், “எனக்கு ஏழு வயசுல விட்டுட்டுப் போனாரு சிஸ்டர். மூட்டை தூக்க முடியாமப் போன பிறகுதான் திரும்பி வந்தாரு” என்றார். அப்புறம், “என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?” என்றார்.

பத்தொன்பது நாளும் கேட்டார் என்று சொன்னேன். அவர் வார்டுக்கு வெளியே இருந்த நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இது தெரிந்தும் நான் அந்த வரியை எழுதினேன் தம்பி. அதனால்தான் மன்னிப்புக் கேட்டேன்.

போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். ஒருமுறை. சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாது, நானும் அதைக் கடமை என்று சொல்ல மாட்டேன். அந்த நாற்காலியில் நீங்கள் உட்காரக் கூடாது, அதற்காகத்தான் சொல்கிறேன். முதலில் அந்தச் சமூக ஊழியரைக் கூப்பிட்டு, நான் பார்க்க மட்டும்தான் வருகிறேன், பராமரிப்புப் பற்றி இப்போது எதுவும் பேச மாட்டேன் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவர்கள் புரிந்துகொள்வார்கள். நீங்கள் பொறுப்பேற்காவிட்டாலும் அவருக்கு ஓர் ஏற்பாடு தேடுவது அவர்கள் வேலை. முடிந்தால் அக்காவிடமும் சொல்லுங்கள். அவர் வர மறுத்தால் வற்புறுத்த வேண்டாம்.

ஒரு தாதியாக இரண்டு விஷயம். பக்கவாதம் வந்தவர்களில் சிலர் சட்டென்று அழுவார்கள், நிறுத்த முடியாமல் அழுவார்கள். மூளையில் பட்ட அடியால் அப்படி வரும். உங்களைப் பார்த்ததும் அவர் அழுதால் அது வருத்தமாகவும் இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். எதுவென்று அன்றைக்கே தீர்மானிக்காதீர்கள். மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. அடுத்தது, சாப்பிட ஏதாவது வாங்கிப் போனால் தாதியிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். விழுங்குவது சிரமமாக இருக்கும். சிலருக்குத் தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித்தான் கொடுப்பார்கள். அரைமணி நேரம் போதும். அவர் பழையதைக் கிளறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

போய்விட்டு அன்றைக்கே அந்த அறைக்குத் தனியாகத் திரும்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பேரன், மகன், மருமகள் எல்லோரும் இருப்பார்கள். கீரைக் கூட்டும் ரசமும் எப்படியும் உண்டு. வருவதாக இருந்தால் முதல் நாளே ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள். புதியவர் வருகிறார் என்றால் அத்தை சேலை மாற்றிக்கொள்ள நேரம் கேட்பார்.

அன்புடன்,
அங் மோ கியோவிலிருந்து அம்மா